நனையாத சக்கரம்

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. அதனால் முதல் நாள் யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று இருவருக்கும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. கடைசியில் சீடர்தான் கும்பிட்டார். படிக்க வந்தவர் அவர்தானே.

சீடரின் பெயர் தங்கப்பழம். கோவில்பட்டியில் மொத்த மளிகை வியாபாரம். பெரியவர் சின்னவர் என்றில்லாமல் ஊருக்கே அவர் அண்ணாச்சி. குருவின் பெயர் பிரகாசி. தூத்துக்குடிக்குத் தெற்கே கழிமுகத்து ஓரமாகப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்துகிறார். பள்ளி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சிமென்ட் சரிவு, கவிழ்த்துப்போட்ட ஒரு மீன்பெட்டி. அந்த மீன்பெட்டிதான் டீச்சரின் நாற்காலி.

டீச்சரின் மடியில் எப்போதும் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. ஒரு கடலையை உரித்து, தோலை ஊதி, வாயில் போட்டு மென்று முடித்த பிறகு வரும். சில நாள் அப்போதும் வராது.

"படகு எதுக்கு அண்ணாச்சி, இந்த வயசுல?"

"எம் பொண்டாட்டி ஒரு தடவ ஆசப்பட்டா டீச்சர்."

கல்யாணமான புதிதில் இருவரும் திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். கால் நனைய நின்ற செல்லக்கனி, "எல்லாரும் இங்க நின்னு கடலப் பாக்காவ. அங்க போயி நின்னு கரையப் பாத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். புது மாப்பிள்ளை "பாக்கலாம்" என்றார். அப்புறம் கடை வந்தது, சரக்குக் கிட்டங்கி வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், வெளிநாடு போனார்கள். அந்தப் "பாக்கலாம்" மட்டும் அங்கேயே நின்றது. இப்போது அண்ணாச்சி ஃபைபர் படகே வாங்கிவிட்டார்.

"அவிய எங்க?" என்றார் டீச்சர்.

"ஊருக்குப் போயிருக்கா."

"எப்ப வாராவ?"

"வருவா."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கடலையை எடுத்தார்.

படகு ஓட்டுவது அண்ணாச்சிக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. லாரி ஓட்டிப் பழகிய கை. மூக்கைத் திருப்புவது, அலையைக் குறுக்கே வாங்காமல் போவது, கரைக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைப்பது என்று எல்லாம் வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான். போய்த் திரும்பிய படகை, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லரில் ஏற்றுவது.

"ஆள் வச்சுக்கிட்டா ஏத்திரலாம்" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். அவ வாரப்போ நாங்க ரெண்டு பேருதான் இருக்கணும். நடுவுல மூணாவது ஆள் நிக்கக் கூடாது. இறக்குததும் ஏத்துததும் நானே செய்யணும்."

அந்த டிரெய்லரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீலப் பெயின்ட், வெள்ளி போலச் சக்கரம். வாங்கிய அன்றே பூசை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் நசுக்கித்தான் எடுத்தார். சாயங்காலமானால் ஒரு பழைய வேட்டித் துணியை வைத்துத் தானே துடைப்பார். கடையில் வேலை பார்ப்பவர்கள் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

அதனால் அண்ணாச்சி படகு ஏற்றும் விதம் இப்படி இருந்தது. ஜீப்பைப் பின்னால் எடுத்துச் சரிவில் இறங்குவார். தண்ணீர் தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே டிரெய்லர் நின்றுவிடும். சக்கரத்தில் ஒரு சொட்டு படாது. பிறகு இறங்கி, காய்ந்த சிமென்ட்டில் செருப்புக் காலோடு நின்றுகொண்டு, டிரெய்லரின் மூக்கில் இருக்கும் வின்ச் என்ற இழுவை உருளையின் வாரைப் படகில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார். படகு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அடிப்பாகம் சிமென்ட்டில் உரசுகிற சத்தத்தில் பல் கூசும். அண்ணாச்சி விட மாட்டார். முகம் சிவக்க, சட்டை நனையச் சுற்றுவார். பாதி ஏறி ஒரு பக்கமாகச் சாயும் படகை மறுபடி தள்ளிவிட்டு, மறுபடி சுற்றுவார்.

டீச்சர் மீன்பெட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"என்ன டீச்சர், தப்பா?"

"இழுக்கியளே அண்ணாச்சி. நல்லாத்தான் இழுக்கிய."

பாராட்டா, கிண்டலா என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

செல்லக்கனி ஊருக்குப் போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. சண்டை போட்டிருந்தால்கூட அண்ணாச்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய கதை அது. ஆத்தியடிவிளையில் அவள் அண்ணன் தவசிமுத்து வீட்டுக் கல்யாணம். பத்திரிகையில் அண்ணாச்சி பெயருக்கு மேலே ஓர் உரக்கடைக்காரர் பெயரைப் போட்டுவிட்டார்கள். வீட்டு மாப்பிள்ளையைக் கீழே இறக்கி, உரக்கடைக்காரரை மேலே ஏற்றியிருக்கிறார்கள்! பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "இனிமே இந்த வாசல மிதிச்சா நான் தங்கப்பழம் இல்ல" என்றார். சொன்னவர் சொன்னபடி நின்றார். பத்துப் பன்னிரண்டு வருடம். ஊரில் நாலு பேர் "அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லும்போது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது.

பிறகு செல்லக்கனியின் அம்மா இறந்துபோனாள். அண்ணாச்சி மாலையோடு போனார். ஆனால் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். மாலையை டிரைவர் சுடலைதான் உள்ளே கொண்டுபோனார். தலைவிரி கோலமாக வாசலுக்கு வந்த செல்லக்கனி, தெருமுனையில் நிற்கும் புருசனைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டிக்கொண்டு போக வந்தவரிடம், தெருமுனைக்கே வந்து சொன்னாள். "நீங்க போங்க. நான் அப்புறமா வாரேன்."

அந்த அப்புறத்துக்குத்தான் இரண்டு வருடமாக அண்ணாச்சி காத்திருக்கிறார்.

போனில் பேசாமல் இல்லை. "சாப்பிட்டியளா? மாத்திர போட்டியளா?" என்று தினமும் கேட்பாள். "எப்ப வார?" என்று இவர் கேட்டால் "வாரேன்" என்பாள். ஒரே ஒரு தடவை, "நீங்கதான் வாங்களேன்" என்றாள். அன்றைக்கு இவர்தான் பேச்சை மாற்றினார்.

மாதம் ஒரு தடவை அண்ணாச்சி காரை அனுப்புவார். கார் காலியாகத் திரும்பி வரும். முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. பின்சீட்டில், அவள் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கும். அவருக்குப் பிடித்த மாதிரி, மிளகாய்த்தூள் குறைவாக. ராத்திரித் தயிர்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்வார். நாக்கில் பட்டதும் வீடு முழுக்க அவள் நடமாடுவது போல இருக்கும்.  ஊறுகாய் தீர்ந்தபிறகும் பாட்டிலைத் தூக்கிப்போட மனம் வராமல் அடுக்களை அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அன்று காலை அண்ணாச்சி மொடமொட என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டீச்சருக்குப் புரிந்தது.

"இன்னிக்கு வாராவளா?"

"கார் போயிருக்கு. நேரே இங்கயே கூட்டியாரச் சொல்லியிருக்கேன். படகு வாங்குன விசயமே அவளுக்குத் தெரியாது."

படகை இறக்கித் தயாராக நிறுத்தினார். உள்ளே ஒரு புதுப் பாய், வெயிலுக்குக் குடை, ஒரு சின்னத் தூக்குவாளியில் சுக்குக்காப்பி. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கழுத்து திரும்பியது. காப்பி ஆறியது. வெயில் ஏறியது. நீர்மட்டமும் ஏறியது.

கடைசியில் கார் வந்தது. சுடலை மட்டும் இறங்கினார். கையில் பாட்டில்.

"அம்மா அப்புறமா வாரேன்னாவ அண்ணாச்சி."

அண்ணாச்சி பாட்டிலை வாங்கிக்கொண்டார். இன்னும் சூடு இருந்தது. காலையில்தான் தாளித்திருக்கிறாள். சுடலையைப் போகச் சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"கூப்பிட்டாச்சு. ஆள் விட்டாச்சு. கார் அனுப்பியாச்சு. இன்னும் நான் என்னதான் செய்யணும் டீச்சர்?"

டீச்சர் கடலையை மென்று முடித்தார்.

"படகு தண்ணியில நிக்கி. ஏத்துங்க."

அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதுதானா ஒரு மனுசனுக்குச் சொல்கிற ஆறுதல்? ஜீப்பை வேகமாகப் பின்னால் எடுத்தார். எவ்வளவு கோபத்திலும் டிரெய்லர் தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் சரியாக நின்றது. இறங்கி வாரை மாட்டிச் சுற்றினார். படகு முனகியது. இன்னும் சுற்றினார். "வா... வந்து தொலையேன்!" என்று பல்லைக் கடித்தார். அது படகிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

வார் அறுந்தது. படகு பின்னால் வழுக்கி, தண்ணீரில் ஆடி, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்தபடி சிமென்ட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் எழுந்தார். கொட்டகைக்குப் பின்னால் அவருடைய டிரெய்லர் கிடந்தது. அண்ணாச்சி அதை இதுவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. பெயின்ட் இருந்த இடத்தில் துரு, துரு இருந்த இடத்தில் ஒட்டு. டீச்சர் அதைத் தன் பழைய வண்டியில் மாட்டி, நீல டிரெய்லருக்குப் பக்கத்தில் சரிவில் இறக்கினார். தண்ணீர் தொடங்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. சக்கரம் நனைந்தது, பாதி முங்கியது, முழுக்க முங்கியது. அப்புறம்தான் நிறுத்தினார். இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அங்கே கட்டிக் கிடந்த தன் படகின் கயிற்றை ஒரு கையால் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். டிரெய்லரில் படகைத் தாங்கும் நனைந்த கட்டைகளின் மேல் அது வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "உப்புத்தண்ணி டீச்சர். துருப் பிடிக்குமே."

"பிடிக்கும்" என்றார் டீச்சர்.

தன் வண்டியை மேலே ஏற்றி நிறுத்தினார். தன் டிரெய்லரின் வாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

அண்ணாச்சி வெகுநேரம் தன் நீல டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டுதான் இறக்கியிருப்பார் போல. டிரெய்லர் மொத்தமாக முங்கி, ஜீப்பின் புகைக்குழாயும் கொப்பளித்தது. படகு அதன் மேலே மிதந்து இடமும் வலமும் அலைந்தது.

"ரொம்ப முங்கிட்டிய. இப்ப படகுக்கு எங்க உக்காரன்னு தெரியல" என்று கரையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் மேல வாங்க. கட்டைக்குத் தல தெரியட்டும்."

கொஞ்சம் மேலே வந்தார். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கினார். அத்தனை நாளில் அவர் கால் அந்தத் தண்ணீரில் பட்டது அன்றைக்குத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. படகின் பக்கத்தில் கையை வைத்தார். தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. கூடவே நடந்தார், அது வந்தது. டீச்சர் கொடுத்த வாரை மாட்டி, வின்ச்சின் கைப்பிடியை இரண்டே விரலால் சுற்றினார். படகு தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணாச்சி. 

டீச்சர் ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மீன்பெட்டிக்குப் போய்விட்டார். அண்ணாச்சி சக்கரங்களைக் கழுவினார். அவசரப்படவில்லை. கழுவி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஊறுகாய்ப் பாட்டிலை முன்சீட்டில் சாயாமல் வைத்து, வண்டியை எடுத்தார். சாலையில் ஏறியதும் ஜீப் வலது பக்கம் திரும்பாமல் இடது பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி! வீடு வடக்கல்லா இருக்கு?"

"தெரியும் டீச்சர்."

ஆத்தியடிவிளையில் பனையும் செக்கச்செவேலென்ற தேரிமணலும்தான் உண்டு. தண்ணீர் என்றால் கிணற்றில்தான். அந்த ஊருக்குள் ஒரு படகு போனால் எப்படி இருக்கும்? வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. தெருமுனை வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவர் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. அந்தக் கால் அங்கே நின்று பழகிய கால்.

வீடு கண்ணுக்குத் தெரிந்தது. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. செல்லக்கனியின், ஒரு வாரைத் தைத்துப் போட்ட செருப்பு. அவள் எதையும் சீக்கிரம் தூக்கிப்போட மாட்டாள்.  கோவில்பட்டி வீட்டு வாசலில் அந்த இடம் இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. போனை எடுத்தார்.

"டீச்சர், ஊருக்கு வந்துட்டேன். தெருமுனையில நிக்கேன். ஹார்ன் அடிச்சா அவளுக்குக் கேக்கும். அடிக்கட்டா?"

அந்தப் பக்கம் கடலை உரிக்கும் சத்தம்.

"சக்கரம் எங்க நிக்கி அண்ணாச்சி?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். காய்ந்த மணலில் நின்றது.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே இறங்கி நடந்தார். வேட்டியில் உப்புக் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. வெள்ளைச் சட்டையின் மொடமொடப்பு எப்போதோ போய்விட்டது. வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே நார்த்தங்காய் வாசனை. யாரிடமோ அவள் பேசிக்கொண்டிருந்தாள். மீதி ஊறுகாயைச் சூடு ஆறாமல் மூடிவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேரில் அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஓர் அடி வைத்தால் போதும். அந்த ஓர் அடிதான் வரவில்லை.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "ஊரு முன்னால சொன்ன சொல்லு. இத்தன வருசம் ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். இப்ப உள்ள காலெடுத்து வச்சா அது என்ன டீச்சர் ஆவும்?"

 டீச்சர் மென்று முடிக்கட்டும் என்று அண்ணாச்சி காத்திருந்தார்.

"துருப் பிடிக்கும் அண்ணாச்சி."

 அண்ணாச்சி குனிந்து, தன் செருப்பைக் கழற்றி, தைத்துப் போட்ட அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார்.